ஓட்டும்போது மட்டும் வரும் சத்தம்

எஞ்சின் சத்தத்தைக் கேட்டு "இது நார்மல்" என்று சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணை, அந்த எஞ்சினை ஓட்டிக் கேட்கவிடாமல் நாற்காலியிலேயே உட்காரவைத்தார்கள். அந்தப் பெண் நான். அநியாயத்தைச் செய்தது தனி ஆள் இல்லை, ஒரு வழக்கம். ஆளாக இருந்தால் இதற்குள் வாதாடியே சாய்த்திருப்பேன்.

என் பெயர் மாதேவி. சொந்த ஊர் ஹனூர் பக்கம். அப்பாவுக்கு நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை என்பதால் மைசூர்வாசிகள் ஆனோம். காலையில் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. அரசியல். மத்தியானத்துக்கு மேல் மண்டி மொஹல்லாவில் ஒரு மோட்டார் சைக்கிள் சர்வீஸ் சென்டரில் முன் மேஜை. தமிழும் கன்னடமும் பேசுவேன் என்றுதான் எடுத்தார்கள். நிறுத்தாமல் பேசுவேன் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்களிடம் அதிகம் வருவது சின்ன டூயல்-ஸ்போர்ட் வண்டி. தார் ரோட்டிலும் போகும், மண் பாதையிலும் போகும். உயரமான சீட், கொக்கு மூக்கு மாதிரி முன் மட்கார்டு, கட்டை கட்டையாக டயர், ஒற்றை சிலிண்டர். அதற்குச் சத்தத்தை மறைக்கத் தெரியாது. உள்ளே நடப்பதை எல்லாம் வெளியே சொல்லிவிடும். என்னிடம் கியர் வண்டி லைசென்ஸ் இருக்கிறது. அப்பாவின் பழைய வண்டியில் நஞ்சன்கூடு வரைக்கும் போய் வந்திருக்கிறேன். ஆனால் இந்த வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி, குனிந்து காது கொடுப்பதோடு சரி. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இனிப்புக் கடையில் வேலை பார்க்கும் சர்க்கரை நோயாளிகளே, எங்கே போனாலும் "நீ சும்மா இரு" என்று சொல்லப்பட்டவர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

காலை நேரத்து டிக் டிக்

புது வண்டி வாங்கின வாரமே ஒரு பேங்க் ஊழியர் பதறிக்கொண்டு வந்தார். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் மேலே 'டிக் டிக்' என்று தையல் மெஷின் மாதிரி அடிக்கிறதாம். நான் என் பாடத்தை ஆரம்பித்தேன். வண்டி ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது, ஆயில் எல்லாம் கீழே இறங்கியிருக்கும், மேலே ஏறக் கொஞ்ச நேரம் ஆகும். வால்வுக்கும் அதை அமுக்கும் இரும்புக் கைக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி வேண்டும், அந்த இடைவெளிதான் டிக் டிக். சூடானதும் குறையும். அந்தச் சத்தம் சுத்தமாக நின்றுபோனால்தான் கவலைப்பட வேண்டும்.

அவர் நம்பவில்லை. பேங்க்காரர் அல்லவா, ஆதாரம் கேட்டார். டெலிவரிக்கு நின்றிருந்த இன்னொரு புது வண்டியை அவர் வண்டி பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். இரண்டும் சேர்ந்து டிக் டிக். "இப்பப் பாருங்க சார், ஒரே சத்தம்தானே?" என்று ஜெயித்த முகத்தோடு கேட்டேன். அவர் இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று, இந்தக் காது ஒரு தடவை, அந்தக் காது ஒரு தடவை கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டுமே ரிப்பேர் மேடம்."

சாவி போட்டதும்

சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னாலேயே சீட்டுக்கு அடியில் 'ஸூஊஊம்' என்று ஒரு சத்தம் வந்து அடங்கும். பெட்ரோல் பம்ப் தன் வேலைக்குத் தயாராகும் சத்தம் அது. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவர் இதற்காகத் தன் லீவு நாளைச் செலவழித்து வந்தார். விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "காலையில வேலைக்குக் கிளம்பறப்ப நானும் இதே சத்தம்தான் மேடம் விடறேன். எனக்கு யாரும் நார்மல்னு சொன்னதில்ல."

மாட்டுக் கொட்டகையில்

ஹனூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி. மக்காச்சோளக் காட்டுக்குப் போய் வர இந்த வண்டியை வாங்கியிருந்தார். களவு போய்விடக் கூடாது என்று மாட்டுக் கொட்டகையில் நிறுத்துகிறார். அங்கேதான் வில்லங்கம். "வண்டிய அணச்ச பொறவும் டிங்கு, டிங்குன்னு சத்தம் வருதுங்க அம்மிணி. மாடு அதையே மொறச்சுப் பாத்துட்டு நிக்குதுங்க. பால் கறக்கவே வுட மாட்டேங்குது."

சைலன்சர் பைப் ஓடும்போது கொதித்து விரியும், நின்றதும் குளிர்ந்து சுருங்கும், சுருங்கும்போது தகரம் அப்படித்தான் பேசும் என்றேன். ஓடின ஓட்டத்துக்கு அப்புறம் அது ஓய்வெடுக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை. அவர் தலையைச் சொறிந்தார். திடீரென்று முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப அதும் அசை போடுதுன்னு சொல்லுங்க! அதைச் சொன்னா மாடு புரிஞ்சுக்குமுங்க."

மலை ஏறும்போது

மாதேஸ்வரன் மலைக்கு அமாவாசை தவறாமல் போகிற ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், மளிகைக் கடைக்காரர். அவர் வண்டிக்குச் சமவெளியில் எந்தக் குறையும் கிடையாது. மலை ஏற ஆரம்பித்ததும் 'கட கட கட' என்று நடுங்கி முனகுகிறதாம். எந்த கியரில் ஏறினீர்கள் என்றேன். டாப் கியரில். வளைவிலுமா? வளைவிலும்தான். கியரைக் குறைத்தால் எஞ்சின் உரக்கச் சத்தம் போடுகிறது, அது எஞ்சினுக்கு வலி என்று அவர் தீர்மானித்திருக்கிறார். நான் விளக்கினேன்: உரக்கச் சத்தம் போடுவதுதான் அதற்குச் சுகம், வாயைப் பொத்தி டாப் கியரில் இழுக்கும்போதுதான் அது நோகிறது. நான் சொன்ன நியாயங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த நியாயம் இது. அவர் கேட்டார்: "சாமி மலையில வண்டியக் கத்தவிடறது மரியாதை இல்லையேம்மா?"

அதோடு அவரை அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பாதையில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், எல்லாம் பஸ்ஸில், ஜன்னலில் தலையைச் சாய்த்து, கையில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு. வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். இவரோ அந்த வளைவுகளை எல்லாம் கண் திறந்து பார்த்தவர். "சத்தம் வந்தப்ப பக்கத்துல என்ன இருந்துச்சு சார்?" என்றேன். மூங்கில் என்றார். "காத்து எந்தப் பக்கமிருந்து?" பள்ளத்துப் பக்கமிருந்து. "மூடுபனி இருந்துச்சா?" முன் சக்கரமே தெரியவில்லை என்றார். அப்புறம் வளைவு திரும்பினதும் வெயில் வந்துவிட்டதாம். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் சிவண்ணா கன்னடக்காரர், என்னைக் கேலி பண்ணவும் மறுக்கவும் தமிழுக்கு மாறுவார். உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்:

"நோடம்மா, இங்க பாரு, நீ வண்டி கம்ப்ளெயின்ட் கேக்கறியா, இல்ல கல்யாணமாகிப் போன சிநேகிதியைப் பத்தி விசாரிக்கறியா?"

தோள் தட்டு

இப்போது அந்த வழக்கத்துக்கு வருகிறேன். சில சத்தங்கள் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் வராது. ஓட்டும்போது மட்டும்தான் வரும். மண்டி மொஹல்லா சந்துகளில் ஆட்டோவும் தள்ளுவண்டியும் விடுகிற வேகத்தில் எந்த வண்டிக்கும் அந்தச் சத்தம் வராது. அதனால் ரிங் ரோட்டுக்குப் போவார்கள். எங்கள் ஆள் ஓட்டுவார், வாடிக்கையாளர் பின்னால் உட்காருவார். சத்தம் வந்ததும் ஓட்டுகிறவர் தோளில் ஒரு தட்டு. ஹெல்மெட்டுக்குள் பேச்சு கேட்காது, அதனால் தட்டு. தட்டின நேரத்தில் என்ன சத்தம் கேட்டதோ அதுதான் கம்ப்ளெயின்ட். நல்ல முறைதான், நான் குறை சொல்லவில்லை. நான் ஓட்டக் கூடாது என்பதுதான் குறை.

"பின்னாடி யாரம்மா உக்காருவாங்க?" என்பார் சிவண்ணா. ஆம்பளை வாடிக்கையாளர் ஒரு பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொண்டு ரிங் ரோட்டில் போவதா? சரி, வாடிக்கையாளரே ஓட்டட்டும், நான் பின்னால் உட்கார்ந்து கேட்கிறேன் என்றேன். "அது இன்னும் பேடா, வேணவே வேணாம்." சரி, தனியாகப் போகிறேன். "எந்தச் சத்தம்னு உனக்கு யாரு காட்டுவாங்க?" அரசியல் சட்டம் முழுவதையும் மேஜைமேல் வைத்து வாதாடினேன். சமத்துவம், வேலை உரிமை எல்லாம் சொன்னேன். அவர் டீ குடித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு ஆத்திரம். எதிர்த்தால் மோதலாம், ஒப்புக்கொண்டே உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது?

ஓட்டப் போவது எப்போதும் மெக்கானிக் நவாஸ் அண்ணாதான். நல்ல மனுஷர். நான் ஏங்குவது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை திரும்பி வந்ததும், கேட்ட சத்தத்தை என் மேஜை முன்னால் நின்று வாயாலேயே போட்டுக் காட்டுவார். செயின் தளர்ந்தால் 'சளக் சளக்', கட்டை டயர் தாரில் உருளும்போது 'ம்ம்ம்ம்', ஆக்ஸிலேட்டரை விட்டால் 'பட் பட்'. தத்ரூபமாக இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். ஒரு நாள் நான் கைதட்டவில்லை. அவருக்கு வருத்தமாகிவிட்டது.

"என்ன மாதேவி, இன்னிக்கு சவுண்டு சரியா வரலையா?"

செல்வி அக்கா

செல்வி அக்கா ஹனூர் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் மாடுகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர். ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, பஸ் எட்டிப் பார்க்காத பாதைகளில் எல்லாம் இந்தச் சின்ன வண்டியில் போவார். மேடு ஏறும்போது காலுக்கு நடுவில் ஏதோ உறுமுகிறது என்று இரண்டு தடவை வந்திருந்தார். இரண்டு தடவையும் நவாஸ் அண்ணா அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிவிட்டு வந்து "நார்மல்" என்றார். மூன்றாவது தடவை வந்தபோது அக்கா அழுகிற நிலையில் இருந்தார். "வண்டில ஒண்ணுமில்ல, உனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு வூட்டுல சொல்றாங்க கண்ணு. வித்துப்போட்டு, பஸ் போற ஊருக்கு மட்டும் போனாப் போதுங்கறாங்க. யானை நடமாட்டம் உள்ள எடத்துல இது நின்னுபோச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"தட்டினப்ப நவாஸ் அண்ணா என்ன சொன்னார்க்கா?" என்று கேட்டேன். அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் தட்டவே இல்லை. இரண்டு தடவையும் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, பேசாமல் போய் வந்திருக்கிறார். பின்னாலிருந்து தட்டு வராததால் சத்தமும் வரவில்லை என்று நவாஸ் அண்ணா முடிவு செய்திருக்கிறார். எங்கள் சென்டருக்கு வந்த எத்தனை பெண்கள் இப்படி 'நார்மல்' ஆகிப் போனார்களோ!  அக்கா தலையைக் குனிந்தபடி சொன்னார்:

"அன்னிய ஆம்பளை தோளை எப்படிக் கண்ணு தட்டறது?"

ரிங் ரோடு

நேராகச் சிவண்ணாவிடம் போனேன். "பின்னாடி யாரு உக்காருவாங்கன்னு கேட்டீங்கல்ல சார்? இவங்க உக்காருவாங்க" என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் இருந்த டீக்கடைக் கூட்டத்தைப் பார்த்தார்.  நவாஸ் அண்ணா தன் ஹெல்மெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். வியர்வை நாற்றம் ஆளைத் தூக்கியது. மாலை மாதிரி வாங்கிக்கொண்டேன்.

சீட் உயரம் என்று சொன்னேன் அல்லவா, கால் விரல் நுனிதான் தரையில் பட்டது. சந்துகளைத் தாண்டுவதற்குள் ஒரு தடவை எஞ்சினை அணையவிட்டு என் மானத்தை நானே வாங்கினேன். ரிங் ரோட்டில் ஏறினதும் எல்லாம் மாறிவிட்டது. எனக்குப் பாடமான சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் மேஜையிலிருந்து கேட்ட சத்தங்களா இவை? டிக் டிக் முழங்காலுக்குப் பக்கத்தில் என்னோடு சேர்ந்து வந்தது. டயரின் முனகல் காதுக்கு வரும் முன்னாலேயே பாதத்துக்கு வந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்னால் 'பட் பட்', பிடித்தால் முன்னால் காற்று. இத்தனை நாள் ஊர் உலகத்துக்கெல்லாம் நான் விளக்கியது இதைத்தானா? மேம்பால ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினேன். தோளில் ஒரு தட்டு விழுந்தது. தயக்கமே இல்லாத, நல்ல பலமான தட்டு.

சத்தம் இருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து 'ஊஊம்ம்' என்று ஒரு உறுமல். அடுத்த ஏற்றத்தில் மறுபடி ஒரு தட்டு, மறுபடி அதே உறுமல். ஆக்ஸிலேட்டரை விட்டால் உடனே அடங்கியது. உரசல் இல்லை, நடுக்கம் இல்லை, இரும்பு இடிக்கிற சத்தம் இல்லை. நரசீபுரா கிராஸில் ஓரமாக நிறுத்தினேன். அந்த இடத்திலிருந்துதான் கொள்ளேகாலுக்கு ரோடு பிரிகிறது. அங்கிருந்து ஹனூர், அப்புறம் மலை. சொல்லவே கஷ்டமாக இருந்தது. நான் போட்ட சண்டைக்கு ஒரு பேரிங்காவது உடைந்திருக்கக் கூடாதா? "அக்கா, இது எஞ்சின் மூச்சு இழுக்கிற சத்தம். ஏறும்போது அதுக்குக் காத்து நிறைய வேணும், ஃபில்டர் பெட்டி வழியா இழுக்குது. ஸ்டாண்டுல நின்னா பாரம் இல்ல, அதனால வராது. இது... நார்மல்தான்க்கா."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மூன்றாவது தடவையாக அதே வார்த்தை அல்லவா! அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்தார். கொள்ளேகால் போர்டைக் காட்டி, "இப்படியே வுட்டீங்கன்னா பொழுது சாயறதுக்குள்ள எங்கூருக்குப் போயிரலாம் கண்ணு" என்றார் விளையாட்டாக. விளையாட்டு என்று தெரிந்தும் என் கை ஆக்ஸிலேட்டரை விட மறுத்தது. ரோடு நேராகப் போய் மரங்களுக்குள் நுழைந்தது. எஞ்சின் கீழே டிக் டிக் என்று காத்துக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பினேன். திரும்பி வந்து இறங்கினதும், நார்மல் என்றால் முதலிலேயே நம்பியிருக்கலாமே என்று சிவண்ணா கேட்டார். அக்கா அவருக்குச் சொன்ன பதிலை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை:

"நீங்க சொல்லிப்போட்டுக் கேட்டீங்க. இந்தப் புள்ள கேட்டுப்போட்டுச் சொல்லுச்சுங்க."

தீர்ப்பு

அக்கா தன் வண்டியில் கிளம்பிப் போனார். அது விற்பனைக்கு வராது என்று எனக்கு நிச்சயம். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சிவண்ணா முன்னால் நின்றேன். "இனிமே நானும் போறேன் சார்." அவர் வழக்கம்போல் தலையாட்டவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தார். நவாஸ் அண்ணா ஸ்பேனரை வைத்துவிட்டு வந்து நின்றார். "எல்லா வண்டியும்" என்றேன். "மலைக்குப் போற வண்டியும்." சிவண்ணா எழுந்து வாசல் வரை போய், ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

வாசக நண்பர்களே, சட்டம், நியாயம், சமத்துவம் எல்லாம் நான் எடுத்துப் பேசியும், வாசலில் பெண் யாராவது சத்தத்தோடு வருகிறாளா என்று தினமும் எட்டிப் பார்க்கும் நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிருக்கும் அந்தத் தீர்ப்பு இவ்வளவுதான்: "பொம்பளைங்க வண்டி வந்தா நீ போம்மா, ஆனா நரசீபுரா கிராஸ்ல திரும்பிடணும், அதுக்கு மேல எந்த வண்டியிலயும் புதுசா ஒரு சத்தமும் வராது."